சில் லெவல்

அன்புள்ள மாப்ளே,

உன் கிரகப்பிரவேசப் பத்திரிகை வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு வாழ்த்துகூட எழுதவில்லை. தப்புதான், மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் பழகிவிட்டது, எனக்கு நியூகாசில் குளிர் இன்னும் பழகவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன சனிக்கிழமை ஹேட்ரியன் சுவரைப் பார்க்கப் போனோம். வடக்கு இங்கிலாந்தின் குறுக்கே ரோமானியர்கள் கி.பி. 122இல் கட்டத் தொடங்கிய மதில். நடுப்பகுதியில் அந்தச் சுவர் ஒரு கரும்பாறைச் சரிவின் விளிம்பிலேயே ஓடுகிறது. வடக்கிலிருந்து வருகிறவனுக்குப் பாதி மதில் அந்தப் பாறைதான். அதன் பெயர் 'வின் சில்' என்றார்கள். சில்! சுவர் ஜன்னலின் அடிமட்டத்துக்கு எழும்பியதும் பெரிய மேஸ்திரி போடும் குரல் அப்படியே காதில் கேட்டது: "சில் லெவல் வந்தாச்சு, நிறுத்துங்கப்பா."

சுமார் 29.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கீழேயிருந்து ஏறிய பாறைக்குழம்பு, வெளியே கொட்டாமல், சுண்ணாம்புக்கல், மணற்கல் அடுக்குகளுக்கு நடுவே படுக்கைவாட்டில் புகுந்து உறைந்திருக்கிறது. இரண்டு செங்கல் வரிசைக்கு நடுவே கலவை இருக்கிற மாதிரி. ஆனால் சில இடங்களில் கனம் 70 மீட்டர்! இப்படிப் படுத்துக் கிடந்தால் சில், அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நின்றால் டைக்.

ஜன்னல் சில்லைப் பார்த்து யாரோ புவியியல்காரர் இந்தப் பெயரை வைத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'சில்' என்றால் தரையில் கிடத்தும் அடித்தள உத்தரம், அதன்மேல்தான் சுவர் எழும். வாசற்படி, ஜன்னலின் அடிக்கட்டை எல்லாம் அந்த வழியில் வந்தவை. பென்னைன் மலைகளில் ஈயம் தோண்டியவர்களும் கல் உடைத்தவர்களும் மட்டமாகக் கிடக்கும் எந்த அடுக்கையும் சில் என்றே சொன்னார்கள். அங்கே 'ஃபயர்ஸ்டோன் சில்' என்பது வெறும் மணற்கல். 'வின்' என்றால் கெட்டியான கறுப்புக்கல். ஆக, வின் சில் என்றால் கறுப்புக்கல் அடுக்கு, அவ்வளவுதான்.

அந்தக் கல் எப்படி வந்தது என்ற சண்டை அப்புறம்தான் வந்தது. வழிந்து பரவிய எரிமலைக் குழம்பா, உள்ளே புகுந்ததா? புகுந்ததுதான் என்று ஆடம் செட்ஜ்விக் என்ற புவியியல்காரர் 1827இலேயே எழுதினார். எல்லோரும் ஒத்துக்கொள்ள, 1877இல் டாப்லி, லெபூர் என்ற இன்னும் இரண்டு புவியியல்காரர்கள் வரவேண்டியிருந்தது. சான்று எவ்வளவு எளிது பார்: மேலே வழிந்திருந்தால் அடியில் இருக்கும் கல் மட்டும்தான் வெந்திருக்கும். இங்கே மேலே இருக்கும் கல்லும் வெந்திருக்கிறது. அதோடு, இந்தப் பாறை ஓரிடத்தில் ஓர் அடுக்கிலும், தள்ளிப்போனால் வேறோர் அடுக்கிலும் கிடக்கிறது. அதன்பின் உலகத்தில் எங்கே இப்படிப் புகுந்த பாறை கிடந்தாலும் அதற்குப் பெயர் சில். தொழிலாளி எல்லா அடுக்குக்கும் சொன்ன வார்த்தை, படித்தவர்கள் கைக்குப் போய் ஒரே ஒரு வகைக்கு என்று ஆகிவிட்டது.

இந்தக் கல் டாலரைட். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் டைக்குகளிலிருந்து வெட்டி, கறுப்பு கிரானைட் என்று விற்கிறார்களே, அதிலும் டாலரைட் உண்டு. உன் புது வீட்டு ஜன்னல் சில்லில் நீ என்ன கல் போட்டிருக்கிறாய்? கறுப்பு என்றால் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேள்.

மாப்ளே, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மேஸ்திரி வாயில் வரும் வார்த்தையெல்லாம் குறித்துவைத்தாயே, அந்த நீல டைரி எங்கே? மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு என்று நாலு பக்கம் எழுதியதோடு விட்டுவிட்டாய். அன்றைக்கே நான் சண்டை போட்டிருக்க வேண்டும். அந்தச் சுரங்கக்காரர்களின் பேச்சை யாரோ காது கொடுத்துக் கேட்டதால்தான் இந்தச் சொல் இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிறது. நம் மேஸ்திரிக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்குமே. அவர் அப்பா காலத்தில், 'சில் லெவல்' என்கிற பேச்சு வருவதற்கு முன், ஜன்னலின் அடிமட்டத்துக்கு என்ன சொல்லியிருப்பார்கள்? இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேள். போனில் வேண்டாம், நேரில் போ.

சுவரை ஒட்டி ஹவுஸ்ஸ்டெட்ஸ் என்று ஒரு ரோமானியக் கோட்டை இருக்கிறது. அதன் கிழக்கு வாசற்படிக் கல்லில் வண்டிச் சக்கரம் தேய்த்த தடம் அப்படியே இருக்கிறது. வின் சில்லின்மேல் ஒரு சில். அதில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். படம் தனியாக அனுப்புகிறேன், மேஸ்திரிக்கும் காட்டு.

அம்மாவுக்கு என் வணக்கம்.

என்றும் உன்,
மாப்ளே