தராசு தந்த அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

நேற்று மாலை கடைசி செய்முறை வகுப்பு முடிந்தது. கொரோனா ஊரடங்கில், பிள்ளைகள் யாரும் ஆய்வகத்துக்குள் கால் வைக்காமலே, செல்போன் வழியாகவே ஒரு பருவத்து வேதியியல் பிராக்டிகலை ஒப்பேற்றிவிட்டோம். தூக்கம் வரவில்லை, அதனால் இதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

உப்புகளைப் பொட்டலம் கட்டி, மேலே பெயரெழுதி என் வீட்டுக்குக் கொண்டுவந்த ஆய்வக உதவியாளர், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குத் தெர்மாமீட்டர் கொண்டுபோன காய்கறி வண்டிக்காரர், சிக்னல் கிடைக்கும் ஒரே திண்ணையைப் பிள்ளைகளுக்கு விட்டுத்தந்த மலைக்கிராமத்துப் பாட்டி, கை வலிக்க வலிக்க செல்போன் பிடித்த என் மகன், எல்லாருக்கும் நன்றி. "தண்ணி 95 டிகிரிலயே கொதிக்குது, தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு மேடம்" என்று அழாத குறையாகச் சொன்ன ஏற்காட்டு மாணவிக்கும்தான். கெடவில்லை கண்ணு, நீ இருப்பது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஆய்வகத்தில் செய்திருந்தால் எல்லாருக்கும் 99 வந்திருக்கும், நானும் அதைப் பேசியிருக்க மாட்டேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை அண்ணனைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். எடை போடத் தராசு இல்லாமல் தவித்தபோது, யாரோ சொல்லி, முகக்கவசத்தோடு அவர் வாசலில் போய் நின்றேன். "பட்டறையே பூட்டிக் கிடக்கு, தராசு சும்மாதானே இருக்கு" என்று எடுத்துத் தந்துவிட்டார். வாடகை என்றதும் கோபம் வந்துவிட்டது.

அதோடு விடவில்லை. எதற்குத் தராசு என்று கேட்டார். உப்பில் குளோரைடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குச் சில்வர் நைட்ரேட் தீர்ந்துபோன கதையையும் சேர்த்துப் புலம்பினேன். சிரித்தார். "அதை நாங்க பண்ணுவமே டீச்சர். திராவகத்துல வெள்ளியைக் கரைச்சு, உப்புத்தண்ணி ஊத்துனா தயிராட்டம் திரியும்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. 'தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு' என்று எத்தனை ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் டிக் அடித்திருப்பேன்!

மறுநாள் பட்டறை முற்றத்தில் அவர்தான் வகுப்பெடுத்தார். சுத்த வெள்ளி 2 கிராம், அவருடையது. காற்று வீசும் பக்கம் பார்த்து நின்று திராவகத்தை ஊற்றினார். பழுப்புப் புகை எழுந்தது. கரைந்ததில், அதுதான் சில்வர் நைட்ரேட், கொஞ்சம் எடுத்து உப்புத்தண்ணீரில் விட்டதும் வெள்ளை வெளேரென்று திரிந்தது. மீதிக் கரைசலில் செம்புத் தகட்டைப் போட்டார். தகட்டின் மேல் சாம்பல் நிறப் பாசிபோல வெள்ளி படியப் படிய, கரைசல் நீலமானது. கழுவி, காயவைத்து, நிறுத்தார். 1.82 கிராம்.

"மீதி 0.18 எங்கே போச்சு?" என்று செல்போனில் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பத்து நிமிடம் ஒரே சத்தம். கடைசியில் பெஞ்சுப் பக்கமே தலைகாட்டாத ஒருவன், "அந்தத் தயிர்ல இருக்கு அண்ணே" என்றான்.

ஆய்வகம் திறந்ததும் முதல் வகுப்பு உங்களுடையதுதான் அண்ணா, மறுத்துவிடாதீர்கள். தராசை நாளை கொண்டுவருகிறேன். அந்தத் தயிர் இருக்கும் சோதனைக்குழாய்களையும்தான். வெளிச்சம் பட்டு வெள்ளை இப்போது ஊதாவாகிவிட்டது. "கொட்டிடாதீங்க டீச்சர், அதுவும் வெள்ளிதான்" என்று நீங்கள் சொன்னபடி ஒரு சொட்டுக்கூடக் கொட்டவில்லை.