பெற்றவர்களை உள்ளே விடுங்கள், டாக்டர்

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பு மருத்துவர் அவர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை மாலை நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். இன்குபேட்டர் ஓரமாக நின்று, குறைமாதத்தில் பிறந்த எங்கள் மகளுக்குத் தணிந்த குரலில் கதை வாசித்துக்கொண்டிருந்தாள் என் மனைவி. "இந்தப் பிள்ளைக்கு என்ன புரியப் போகுது? வெளியே போங்கம்மா" என்று டூட்டி சிஸ்டர் அனுப்பிவிட்டார். சிஸ்டர்மேல் புகார் சொல்ல வரவில்லை. ஒருத்தராக அவர் எத்தனை குழந்தைகளைத்தான் பார்ப்பார்? பெற்றவர்கள் உள்ளே இருக்கக் கூடாது என்ற விதி உங்களுடையது. ஆகவே உங்களிடம் கேட்கிறேன்: பெற்றவர்களைக் குழந்தை பக்கத்தில் இருக்க விடுங்கள்.

தையல் ஆறாத உடம்போடு என் மனைவி மூன்று மணிக்கொரு தரம் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்துப்போய்க் கதவிடுக்கில் நீட்டுகிறாள். உள்ளிருந்து ஒரு கை வாங்கிக்கொள்கிறது. கதவு சாத்தப்படுகிறது. அந்தப் பால் பாலாடையில் போகிறதா, குழாயில் போகிறதா என்றுகூட அவள் பார்த்ததில்லை. "என் பால் உள்ளே போகலாம், என் குரல் போகக் கூடாதா?" என்று என்னைக் கேட்கிறாள். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

25 வாரம் வாக்கிலேயே சிசுவுக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும் என்பது நீங்கள் அறியாததல்ல. வயிற்றில் இருந்திருந்தால் என் மகள் இந்நேரம் அம்மாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இப்போது கேட்பதெல்லாம் மானிட்டரின் அலறல். தீவிர சிகிச்சையில் இருந்தபோது பெரியவர்களின் பேச்சை அதிகம் கேட்ட குறைமாதக் குழந்தைகள் 18 மாதத்தில் மொழித்திறனில் மேம்பட்டிருந்ததை, 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

தொற்று வரும் என்பீர்கள். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் சேர்ந்து ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. பிறந்ததுமே தாயின் மார்போடு சேர்த்து வைத்த எடை குறைந்த குழந்தைகளிடையே இறப்பு 25 விழுக்காடு குறைந்தது, தொற்றும் கூடவில்லை. குடும்பத்தாரையும் பராமரிப்பில் சேர்க்கச் சொல்லி மத்திய அரசே 2017இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. குழந்தையை இப்படி மார்போடு சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பைப் பற்றிய சுவரொட்டி உங்கள் வராந்தாவிலும் ஒட்டியிருக்கிறது. அதன் கீழேதான் பச்சை உடம்புக்காரிகள் துண்டை விரித்துப் படுத்துக் கிடக்கிறார்கள். நாங்கள் ஏதாவது கேட்டால் "நீங்க டாக்டரா?" என்கிறார்கள் உங்கள் ஊழியர்கள். டாக்டர் இல்லை, பெற்றவர்கள். நோயாளி வீட்டாரை இடைஞ்சலாகப் பார்க்கும் இந்தப் பழக்கம் எல்லா வார்டிலும் இருக்கிறது. இங்கே அதற்கு விலை கொடுப்பது ஒரு கிலோ எடைகூட இல்லாத குழந்தைகள்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் உயிரோடிருப்பது உங்கள் பிரிவால்தான், அதை மறக்கவில்லை. இன்குபேட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். கை கழுவி, கவுன் போட்டு, நீங்கள் சொல்கிறபடி உட்கார்ந்து பேசவும் வாசிக்கவும் அம்மாவையும் அப்பாவையும் அனுமதியுங்கள். இந்த வாரமே ஆணையிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிரிவிலுள்ள ஒரு குழந்தையின் தகப்பன்