ஆர்கானிக் விற்காததற்கு விழிப்புணர்வைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்கானிக் உணவு பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. முதலில், கூடுதல் விலை கொடுக்கப் பெரும்பாலோர் தயார் என்று ஒரு கருத்துக்கணிப்பு. அடுத்த பத்தியில், ஆனாலும் விற்பனை மந்தம், மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை என்று ஒரு வருத்தம். பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறவருக்கு விழிப்புணர்வு இல்லாமல் எப்படிப் போகும் என்று யாரும் கேட்பதில்லை. விழிப்புணர்வு என்பது இங்கே சாக்கு. வாங்க வருபவருக்கு விஷயம் தெரியும். கையில் எடுத்த பொட்டலம் நிஜமாகவே ஆர்கானிக்தானா என்று சரிபார்க்கத்தான் அவருக்கு வழியில்லை.

ஒரு பொருளின் தரத்தில் சில அம்சங்கள் வாங்கும் முன்பே கண்ணுக்குத் தெரியும். நிறம், அளவு போன்றவை. சில, சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும்; ருசி, பதம் போன்றவை. இந்த இரண்டையும் பொருளியல் அறிஞர் பிலிப் நெல்சன் 1970-ல் பிரித்துக் காட்டினார். சாப்பிட்டு முடித்த பிறகும் தெரியாத மூன்றாவது வகையை 1973-ல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் சேர்த்தார்கள். ஆர்கானிக் இந்த மூன்றாவது வகை. தக்காளியை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும், அது வளர்ந்த வயலில் என்ன தெளித்தார்கள் என்பது தெரியப்போவதில்லை. அதனால் வாங்குபவர் வேறு அடையாளங்களைத் தேடுகிறார்: முத்திரை, கடையின் பெயர், விற்பவரின் பேச்சு, விலை, காயின் தோற்றம். வாங்குபவரின் விருப்பம் என்று நாம் சொல்வதில் பாதி, இந்த அடையாளங்களில் எதை நம்புவது என்ற முடிவுதான்.

அடையாளங்களை நம்பிப் போவதால் விசித்திரமான விளைவுகளும் உண்டு. காய் பளபளவென்று இருந்தால் சந்தேகம். சொத்தையாக இருந்தால் வேண்டாம். பூச்சி அரித்த இலையைச் சான்றிதழாகவே எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மருந்தை நேரம் தவறி அடித்த வயலிலும் இலையைப் பூச்சி அரிக்கத்தான் செய்யும். விலையும் அப்படியே. சாதாரணப் பொருளின் விலைக்கே ஆர்கானிக்கை விற்றால் கூட்டம் அள்ளும் என்று கடைக்காரர் நினைக்கிறார். வாங்குபவரோ, இந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகும், ஏதோ கலப்படம் என்று ஒதுங்குகிறார். தரத்தை நேரடியாகப் பார்க்க முடியாத இடத்தில் விலையே தரத்தின் அடையாளமாகிவிடுகிறது.

ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலான ஆய்வுகளில் முதலில் வரும் பதில் உடல்நலம். சுற்றுச்சூழல் பின்னால்தான் வருகிறது. இதில் வியப்பில்லை: மண்ணும் நீரும் நன்றாக இருந்தால் பலன் ஊருக்கு, உடம்பு நன்றாக இருந்தால் பலன் தனக்கு. ஆனால் உடல்நலம் பற்றிய ஆதாரம் விளம்பரம் சொல்லும் அளவுக்கு வலுவானதல்ல. ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 2012-ல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஊட்டச்சத்தில் பெரிய வேறுபாடு இருப்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை; பூச்சிமருந்து எச்சம் காணப்படும் வாய்ப்பு மட்டும் ஆர்கானிக்கில் குறைவாக இருந்தது. 2014-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷன் இதழில் 343 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து வந்த இன்னொரு ஆய்வு, ஆர்கானிக் பயிர்களில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் (ஆன்டிஆக்சிடன்ட்) கூடுதலாகவும், காட்மியம் என்ற நச்சு உலோகமும் பூச்சிமருந்து எச்சமும் குறைவாகவும் இருப்பதாகச் சொன்னது. எச்சம் குறைவு என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. மற்றது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. நேர்மையாக விற்க நினைப்பவர் எச்சத்தைச் சொல்லி விற்கலாம். சத்தைச் சொல்லி விற்பது அவசரம்.

முத்திரை செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2010-ல் வெளியான ஆய்வில், ஆர்கானிக் என்று சொல்லப்பட்ட பிஸ்கெட்டில் கலோரி குறைவு என்று பங்கேற்றவர்கள் மதிப்பிட்டார்கள். சர்க்கரை எந்த முறையில் விளைந்த கரும்பிலிருந்து வந்தாலும் அதன் கலோரி மாறாது. ஒரே ஒரு நல்ல குணத்தைக் கேள்விப்பட்டதும் மற்ற நல்ல குணங்களையும் மனம் தானே ஏற்றிவிடுகிறது.

குழந்தை பிறந்த வீடுகளில் ஆர்கானிக் பழக்கம் தொடங்குகிறது என்பது இத்துறையில் உள்ளவர்கள் அறிந்ததே. திட உணவு ஊட்டத் தொடங்கும் மாதங்களில்தான் பலர் முதல் பொட்டலத்தை வாங்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பதப்படுத்திய குழந்தை உணவு எந்த முறையில் விளைந்திருந்தாலும், பொதுவாக ஒரு பூச்சிமருந்தின் எச்சம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆக, எச்சத்தைப் பொறுத்தவரை இரண்டு முறைக்கும் இடையே வேறுபாடு மிகக் குறைவாக இருக்கும் பொருளில்தான் பெற்றோர் மிக உறுதியாக ஆர்கானிக்கைக் கேட்கிறார்கள். தோலோடு தின்னும் ஆப்பிளுக்கும் கீரைக்கும் அந்தப் பிடிவாதம் இருந்திருந்தால் பொருள் இருந்திருக்கும். அளந்து பார்த்து வரும் விருப்பமல்ல இது. தவறு நேர்ந்தால் தன்னை மன்னிக்க முடியாது என்ற அச்சத்தில் வருவது.

முத்திரை உண்மையில் எதற்கு உறுதி தருகிறது என்பது பலருக்கும் குழப்பம். அது விளைவித்த முறைக்குத் தரும் சான்று. பொட்டலத்துக்குள் இருப்பதைச் சோதித்துத் தரும் சான்று அல்ல. அமெரிக்க விதிப்படி, அறுவடைக்கு முந்தைய 3 ஆண்டுகள் தடைசெய்த இடுபொருள் எதுவும் நிலத்தில் இட்டிருக்கக் கூடாது. ஐரோப்பிய, இந்திய விதிகளில் பருவப் பயிர்களுக்குப் பொதுவாக 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டு மாற்றுக் காலம், அதாவது ஆர்கானிக் முறைக்கு மாறுவதற்கான காலம். பதப்படுத்திய பொருளில் 95 சதவீதம் ஆர்கானிக் இருந்தால் அமெரிக்க முத்திரை கிடைக்கும். இந்தக் கணக்கில் தண்ணீரும் உப்பும் சேராது. மருந்தே அடிக்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. கந்தகம், தாமிர உப்புகள், மண் நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்து போன்றவற்றுக்கு நிபந்தனையோடு அனுமதி உண்டு. ஐரோப்பாவில் தாமிரத்துக்கு ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ என்று உச்சவரம்பு. பக்கத்து வயலிலிருந்து காற்றில் வரும் மருந்துக்கும் விதியில் இடம் இருக்கிறது: அமெரிக்காவில், பொதுவாக அனுமதிக்கப்பட்ட எச்ச அளவில் 5 சதவீதத்தைத் தாண்டினால் அதை ஆர்கானிக் என்று விற்க முடியாது. இதையெல்லாம் மறைத்து, துளி மருந்தும் படாதது என்று விற்றால், ஒரு சோதனை முடிவு வெளியான மறுநாளே வாங்குபவர் மொத்தத்தையும் மோசடி என்று தூக்கி எறிவார். நம்பிக்கை உடைவது பெரும்பாலும் விதிமீறலால் அல்ல, இப்படி அளவுக்கு மீறிக் கொடுத்த வாக்கால்.

விலைக்கு வருவோம். கூடுதல் விலையை வியாபாரியின் லாபம் என்றே பலர் நினைக்கிறார்கள். 2012-ல் நேச்சர் இதழில் வந்த தொகுப்பாய்வு, பயிரையும் நிலத்தையும் பொறுத்து ஆர்கானிக் மகசூல் 5 முதல் 34 சதவீதம் வரை குறைவு என்றது. அதோடு களையெடுக்கும் கூலி, ஆர்கானிக் முறைக்கு மாறியும் ஆர்கானிக் விலை கிடைக்காத மாற்றுக் காலம், ஆண்டுதோறும் ஆய்வுக் கட்டணம், மற்ற சரக்கோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டிய கிடங்கு எல்லாம் சேரும். கடைசியில், மெதுவாக விற்பதால் அழுகி வீணாகும் பங்கும் விற்ற காயின் மேல்தான் ஏறும். இதில் எதுவும் விலைச்சீட்டில் இல்லை. எண் மட்டும் இருக்கிறது. வருமானம் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு எல்லை போடும். வாங்க வேண்டுமா என்பதை அது மட்டும் தீர்மானிப்பதில்லை. வாரம் தவறாமல் வாங்குபவர்கள் எல்லாவற்றையும் ஆர்கானிக்காக வாங்குவதுமில்லை. பால், முட்டை, தோலோடு தின்னும் பழம் என்று சிலவற்றைத் தேர்ந்துகொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். நொறுக்குத் தீனிக்கு ஆர்கானிக் என்று கூடுதல் விலை கொடுக்க அவ்வளவாக மனம் வருவதில்லை.

கடையில் அலமாரி இருக்கும் விதத்தைக் கணிப்பாளர்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை. ஆர்கானிக்குக்குத் தனி மூலை ஒதுக்கினால் ஏற்கெனவே பழகியவர்கள் மட்டும் அங்கே போவார்கள். சாதாரணப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்தால் புதியவர் கண்ணிலும் படும். விலை வித்தியாசமும் அதே நொடியில் படும். இரண்டு வாரம் தொடர்ந்து சரக்கு இல்லையென்றால் பழக்கம் அறுந்துவிடும். பிறகு தள்ளுபடி கொடுத்தாலும் திரும்பி வருவது கடினம். பணம் வாங்கும் இடத்தில் கலந்துவிடக் கூடாது என்று ஆர்கானிக் காயை மட்டும் பிளாஸ்டிக்கில் சுற்றி வைக்கிறார்கள். சுற்றுச்சூழலுக்காக வாங்க வந்தவர் அதைப் பார்த்துத் திரும்பிப் போகிறார். உதிரியாக விற்கும் பழத்தில் சிறு ஒட்டுச்சீட்டு போதும்: 9-ல் தொடங்கும் ஐந்து இலக்க எண் ஆர்கானிக்கைக் குறிக்கும் என்பது பன்னாட்டுப் பழ வணிகத்தில் உள்ள ஏற்பாடு. அது விருப்ப ஏற்பாடுதான், சான்றிதழ் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரிபார்ப்பது எப்படி? சான்றிதழ் மாட்டியிருக்கிறது என்பதோடு நிற்காமல் நான்கு இடங்களைப் படிக்க வேண்டும். யார் பெயரில் இருக்கிறது. விளைவிக்கவா, பதப்படுத்தவா, வணிகத்துக்கா. வாங்கப்போகும் பொருளின் பெயர் இணைப்புப் பட்டியலில் உண்டா. எந்தத் தேதி வரை செல்லும். கடைக்காரர் பெயரில் உள்ள வணிகச் சான்றிதழ் அவர் விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் உத்தரவாதம் ஆகாது. பட்டியலில் அரிசி மட்டும் இருக்க, அதே சுவரைக் காட்டி எண்ணெயையும் விற்பது சாதாரணமாக நடக்கிறது. இலை வடிவிலான ஐரோப்பிய ஒன்றிய ஆர்கானிக் முத்திரை இருந்தால் அதே இடத்தில் ஒரு குறியீடு இருக்க வேண்டும்: நாட்டின் ஈரெழுத்து, பயோ போன்ற ஒரு சொல், சான்றளித்த அமைப்பின் எண். அதன் கீழே மூலப்பொருள் ஒன்றியத்துக்குள் விளைந்ததா வெளியிலா என்ற வரி. இவை இல்லாத இலை வெறும் படம்.

ஆய்வகத் தாளைக் காட்டினால் இன்னும் கவனம் தேவை. தாளில் உள்ள தொகுதி (பேட்ச்) எண் பொட்டலத்தில் உள்ளதோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அது வேறு சரக்கின் தாள். 'கண்டறியப்படவில்லை' என்றால் பூஜ்யம் என்று அர்த்தமில்லை. கருவி அளக்கக்கூடிய அளவுக்குக் கீழே என்றுதான் அர்த்தம். அந்த அளவு பெரும்பாலும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். எத்தனை மருந்துகளுக்குச் சோதித்தார்கள் என்ற பட்டியலையும் கேட்க வேண்டும். பல மருந்துகளை ஒரே ஓட்டத்தில் தேடும் வழக்கமான சோதனையில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அகப்படாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். களைக்கொல்லி இல்லை என்று சொல்லி அந்தச் சோதனையே இல்லாத தாளை நீட்டினால், தாள் எதையும் நிரூபிக்கவில்லை.

சான்றிதழ் இல்லாத சிறு விவசாயியிடம் நேரே வாங்குபவர்கள், ஆர்கானிக்கா என்று கேட்பதில் பயனில்லை. ஆமாம் என்ற பதில்தான் வரும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு என்ன செய்தீர்கள், களையை எப்படி எடுத்தீர்கள், பக்கத்து வயலில் என்ன பயிர், தடுப்பு வரப்பு எவ்வளவு அகலம், விதை எங்கே வாங்கினீர்கள் என்று கேளுங்கள். செய்பவர் கால் மணி நேரம் பேசுவார். செய்யாதவர் இரண்டாவது கேள்வியிலேயே, எல்லாம் இயற்கைதான் என்று முடித்துக்கொள்வார்.

கடைசியாக, கருத்துக்கணிப்பு நடத்துபவர்களுக்கும் அதை அச்சிடுபவர்களுக்கும். கூடுதல் விலை கொடுப்பீர்களா என்று முகத்துக்கு நேரே கேட்டால் நல்லவராகத் தோன்ற விரும்பும் எவரும் ஆமாம் என்பார். பொருட்களும் விலைகளும் எழுதிய அட்டைகளைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறை இதைவிட மேல். ஆனால் ஒவ்வொரு அட்டையிலும் 'எதுவும் வேண்டாம்' என்ற வாய்ப்பு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வாங்க மனமில்லாதவரும் எதையாவது தொட்டுக்காட்ட வேண்டியிருக்கும், விருப்பம் ஊதிப் பெருகும். விலைகள் கடையில் உண்மையில் உள்ள வரம்புக்குள் இருக்க வேண்டும். பணம் கைமாறும் முறைதான் நம்பகமானது. பெக்கர், டிகுரூட், மார்ஷாக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1964-ல் விவரித்தது அது. பங்கேற்பவர் கையில் பணத்தையும் எதிரே பொருளையும் வைத்து, அதிகபட்சம் எவ்வளவு தருவார் என்று எழுதச் சொல்கிறார்கள். பிறகு குலுக்கலில் ஒரு விலை எடுக்கிறார்கள். குலுக்கிய விலை எழுதியதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் குலுக்கிய விலைக்கே அவர் வாங்கியாக வேண்டும். கூடுதலாக இருந்தால் வாங்க முடியாது. கூட்டி எழுதினால் மனமில்லாத விலைக்கு வாங்க நேரும், குறைத்து எழுதினால் கிடைக்க வேண்டியது கை நழுவும். முதலில் ஒரு பேனாவை வைத்து ஒத்திகை பார்க்காவிட்டால் இதைப் பலர் ஏலம் என்று நினைத்து வேண்டுமென்றே குறைத்து எழுதுவார்கள், முடிவு கெடும்.

ஆகவே அடுத்த முறை இத்தகைய கணிப்பை வெளியிடும்போது, கேள்வியை அப்படியே அச்சிடுங்கள். பதில் சொன்னவர்களை எங்கே பிடித்தார்கள் என்பதையும் சேருங்கள். ஆர்கானிக் கடை வாசலில் நின்று எடுத்த கணிப்பை மக்கள் கருத்து என்று போட முடியாது. பணம் கைமாறியதா இல்லையா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உணவு நுகர்வு ஆய்வில் ஈடுபட்டுள்ள வாசகர்கள் சிலர்