சாம்பல் மேல் பழி போடாதீர்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட மன்றத் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

எங்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து தமிழ்ப்பள்ளி வழியாகக் கிளினிக்குக்குப் போகும் நடைபாதையை, சிமெண்டோடு செம்பனை எண்ணெய் ஆலையின் சாம்பலைக் கலந்து போட்ட பாதையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கதை முழுக்க உங்களுக்குத் தெரியும். போட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லை, செருப்பால் தேய்த்தாலே பொடி உதிர்கிறது. போன வாரக் கூட்டத்தில் உங்கள் அதிகாரி எழுந்து, "ஆலைச் சாம்பல் கலந்தால் இப்படித்தான், இனி அது வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

என் அப்பா செம்பனை ஆலையில் 26 வருடம் பாய்லரில் வேலை பார்த்தவர். கொட்டை ஓடும் நாரும் எரிந்து மிஞ்சுகிற சாம்பலை வாரிக் கொட்டிய கை அவருடையது. இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார், மாதம் இரண்டு தடவை இந்தப் பாதையில்தான் தள்ளிக்கொண்டு போகிறேன். அன்றைக்கு முன்சக்கரம் பெயர்ந்த இடத்தில் இறங்கி, நாற்காலி அப்படியே சாய்ந்துவிட்டது. நான் ஒரு பக்கம் பிடிக்க, பள்ளிக்குப் போன இரண்டு பையன்கள் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து மறுபக்கம் தூக்கினார்கள். அப்பாவுக்கு முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். அவரோ கீழே கிடந்த துண்டை எடுத்துத் தரச் சொல்லி விரலால் நசுக்கிப் பார்த்தார். உள்ளே கருப்புக் கரியும் எரியாத ஓட்டுத் துண்டும். "அரைக்காமலே போட்டிருக்காங்கடா" என்றார்.

அதுதான் விஷயம். சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பு வெளிப்படும். சாம்பலைச் சலித்து மாவாக அரைத்தால், அதிலுள்ள சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் பொருள், அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து இன்னும் பிசினாகி இறுகும். அரைக்காத சாம்பல் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும், கலவை இளகவில்லை என்று மேலும் தண்ணீர் ஊற்றினால் பலமும் போய்விடும். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் 1990களிலிருந்தே இதை ஆராய்கின்றன. நன்றாக அரைத்தால் சிமெண்டில் 20, 30 விழுக்காடு வரைக்கும் குறைத்து, அதற்குப் பதில் சாம்பலைப் போடலாம். ஆனால் சாம்பல் கலவை மெதுவாகத்தான் பலமாகும், நாள் கணக்கில் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். எங்கள் பாதையை மூன்றாம் நாளே திறந்துவிட்டார்கள், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி நாங்கள் பார்க்கவில்லை.

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் கான்கிரீட்டில் சிலிக்கா தூசி இருக்கிறது. அதுவும் சிலிக்கான் உருக்கும் உலைகளின் புகையிலிருந்து பிடித்த கழிவுதான். அங்கே அளந்து, சோதித்துக் கலந்தார்கள். தோட்டத்துக்கு என்றால் மட்டும் ஏன் கைக்கு வந்ததைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள்? சாக்கடையும் அப்படி, பள்ளிக் கூரையும் அப்படி, கேட்டால் ஒதுக்கீடு அவ்வளவுதான் என்பார்கள். சரி, அதையெல்லாம் இன்னொரு நாள் பேசலாம்.

நான் கேட்பது இதுதான். குத்தகையாளர் கலவைக் கட்டியை 28 நாள் கழித்து நசுக்கிச் சோதித்தாரா? சோதித்திருந்தால் அந்த அறிக்கையை மன்றப் பலகையில் ஒட்டுங்கள். இல்லையென்றால் பாதையை அவர் செலவிலேயே பெயர்த்து, சாம்பலை அரைத்து, அளந்து, முறையாக ஈரம் காட்டி மறுபடி போடச் சொல்லுங்கள். சாம்பலே வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிடாதீர்கள், ஆலைக்குப் பின்னால் அது மலையாகக் குவிந்து, காற்றடித்தால் எங்கள் கொடித்துணியில்தான் வந்து படிகிறது.

அப்பாவுக்கு அடுத்த கிளினிக் தேதி 14. அதற்குள் முழுப்பாதை ஆகாது என்று தெரியும். அந்தப் பெயர்ந்த இடத்தையாவது தயவுசெய்து மூடிக் கொடுங்கள் ஐயா.