கூட வருவது யார் என்று கேள்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. மகளுக்குச் சுகப்பிரசவம் என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. இங்கே எல்லோரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, காலையில் நடக்கவும் செய்கிறார்.

கம்போடியாவில் அங்கோர்வாட் கோயிலுக்குப் போவதற்கு இரண்டு பயண நிறுவனங்களில் விசாரித்ததாகவும், ஒன்றில் தொல்லியல் படித்தவர் கூடவே வருவதால் பணம் கூடுதல் என்றும் எழுதியிருந்தாய். அது வீண்செலவா என்று கேட்டிருக்கிறாய். இல்லவே இல்லை வசந்தா. ஓட்டலில் குறைத்துக்கொள், இதில் குறைக்காதே.

போன மாதம் நாங்கள் சிலர் மாங்குளம் மலைக்குப் போனோம். மேலூர் பக்கம், மீனாட்சிபுரம் கிராமத்தை ஒட்டிய ஓவாமலை. தொல்லியல் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் உடன் வந்தார். விவரம் தெரிந்த ஆள் இல்லாமல் ஏறினால் அங்கே பாறையும் காற்றும்தான். அவர் எங்களை நேராகக் கல்வெட்டு எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தவில்லை. குகை வாசலுக்கு மேலே பாறையில் நீளமாக வெட்டியிருந்த காடியைக் காட்டி, “இது எதற்கு, சொல்லுங்கள்” என்றார். ஆளுக்கொன்று சொன்னோம். மழைத்தண்ணீர் பாறையில் வழிந்து உள்ளே வராமல் அந்த விளிம்போடு வெளியே சொட்டிவிடும். உள்ளே துறவிகள் படுத்த கற்படுக்கைகள் நனையாது. 2,000 வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் மழையை யோசித்து உளி பிடித்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம்தான் எழுத்து. ‘கணிய் நந்த’ என்று ஆரம்பிக்கும் தமிழ்ப் பிராமி வரி, தமிழின் பழைய எழுத்து. பாறையைத் தொடாமல் விரலை மட்டும் எழுத்தின் மேலாக ஓட்டி, ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் ‘நெடுஞ்சழியன்’ என்பதை நாங்களே கூட்டிப் படித்துவிட்டோம். அந்தப் பாண்டியனின் ஆள் கடலன் வழுதி, நந்தன் என்ற துறவிக்காக வெட்டுவித்த பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், அது. 1882-இல் ராபர்ட் சிவெல் என்ற ஆங்கிலேயர் இந்தக் கல்வெட்டுகளைக் கண்டார். ஆனால் இது தமிழ்தான் என்று 1924-இல் எடுத்துக்காட்டியவர் கல்வெட்டு ஆய்வாளர் கே.வி. சுப்பிரமணிய அய்யர். நடுவே நாற்பது வருஷத்துக்கு மேல்! கண்ணுக்கு முன்னால் இருந்தும் படிக்க ஆள் வேண்டியிருந்தது, பார்.

இன்னொரு வரியில் ‘வெள்ளறை நிகமத்தோர்’, அதாவது வெள்ளறை ஊர் வணிகர் குழு, வருகிறது. பக்கத்திலுள்ள வெள்ளரிப்பட்டிதானே அது என்று ஒருவர் உற்சாகமாகக் கேட்டார். “அப்படிக் கருதுகிறவர்கள் உண்டு. நிகமம் என்பது கல்லில் இருக்கிறது, இந்த ஊர்தான் அது என்பது நம் ஊகம்” என்றார் தொல்லியல்காரர். அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது அந்த இடத்தில்தான். விவரம் தெரிந்தவர் எது வரை ஆதாரம், எங்கிருந்து ஊகம் என்று கோடு போட்டுக் காட்டுவார். கேட்கிறவர்களைக் குஷிப்படுத்த நினைப்பவர் அந்தக் கோட்டை அழித்துவிடுவார்.

ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் இது பஞ்சபாண்டவர் படுக்கை என்றார். நம் பக்கத்து மலைகளில் பல இடங்களிலும் அப்படித்தானே சொல்வார்கள். எங்களோடு வந்த தொல்லியல்காரர் மறுத்துப் பேசவில்லை. “ஐயா, சுனை எந்தப் பக்கம்?” என்று கேட்டார். பெரியவரே முன்னால் நடந்து, வழுக்காத வழியாக எங்களைக் கூட்டிப்போனார். மலையை அவரைவிட யார் அறிவார்?

இப்படிப் பல வருஷமாக ஊர்க்காரர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து மலை ஏறியது வீண்போகவில்லை என்பது என் எண்ணம். பக்கத்து ஊரான அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். பிறகு டங்ஸ்டன் சுரங்கம் என்று பேச்சு வந்தபோது சனங்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் சுரங்க ஏலம் ரத்தானது. தங்கள் மலையில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, உன் பயணத்துக்கு வருகிறேன். பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேட்டுவிடு. அவர் நாள் முழுக்கக் கூட நடப்பாரா, இல்லை சாயங்காலம் ஓட்டலில் படம் போட்டுப் பேசிவிட்டுப் போய்விடுவாரா? கூட்டம் எத்தனை பேர்? நாற்பது பேர் என்றால் பின்னால் நிற்கிற உனக்கு ஒன்றும் கேட்காது. அங்கோருக்கு முன்பே போயிருக்கிறாரா? உள்ளூர் வழிகாட்டியைப் பேச விடுவாரா? கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் சிற்பம் ஏறத்தாழ 49 மீட்டர் நீளம். அதன் முன்னால் அரை மணி நேரமாவது நிற்க விடுவாரா என்பதையும் கேள். பத்து நிமிஷத்தில் கிளப்புகிற ஆள் என்றால் படிப்பு எவ்வளவு இருந்தும் பிரயோஜனம் இல்லை.

தையில் மதுரைக்கு வா. கீழடி அருங்காட்சியகம் போய்விட்டு, மறுநாள் விடிந்ததும் மாங்குளம் ஏறலாம். எங்களோடு மலைக்கு வந்தவரிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன். பிடிமானமுள்ள செருப்பாகப் போட்டு வா, பாறை சில இடங்களில் சறுக்கும்.

அன்புடன்,
உன் கோமதி