12 வயதில் படம் போட்டீர்கள், 29 வயதிலும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2008இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு முடிவு வந்தபோது, பாடாங் செராய் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டப் பள்ளியில் ஏழு ஏ எடுத்த இரண்டு பேருடைய படம் தமிழ்ப் பத்திரிகையில் வந்தது. அதில் ஒன்று என்னுடையது. அப்பா அதை வெட்டி, லேமினேட் செய்து சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டினார், இன்னமும் அங்கேதான் இருக்கிறது. வகுப்பில் நாங்கள் 19 பேர். மீதி 17 பேருக்காகத்தான் இந்தக் கடிதம்.

அவர்களில் ஆறு பேர் மலாய்த் தாளில் தேறவில்லை என்று, முதலாம் படிவத்துக்கு முன்னால் ஒரு வருடம் படிக்க வேண்டிய புகுமுக வகுப்புக்கு அனுப்பப்பட்டார்கள். நாங்கள் முதலாம் படிவம் போக, அதே இடைநிலைப்பள்ளியில் அவர்கள் ஒரு வருடம் பின்னால் நின்றார்கள். ஒரு வருடம்தானே என்று பெரியவர்கள் சொன்னார்கள். 13 வயதுப் பிள்ளைக்கு அது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை. ஒரே பஸ்ஸில் ஏறுவோம், ஒன்றாக இறங்குவோம், பள்ளி வாசலைத் தாண்டியதும் அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு தனியாக நடப்பார்கள். நானும் ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லை, அது இன்றும் உறுத்துகிறது.

அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து இரண்டு வருடமாகிறது. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். முதல் நாள் பயந்துகொண்டே உள்ளே போனோம், முகக்கவசம் போட்ட ஒரு தாதி எழுந்து வந்து "வாங்க மாமா, என்னைத் தெரியலையா?" என்றாள். என் வகுப்புத் தோழி. அவள் அம்மாவும் என் அப்பாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர்கள். ஊசி போடுவதற்கு முன்னால் அப்பாவின் கையில் இரண்டு விரலை வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு, ரத்தம் ஓடுகிற அந்த அதிர்வைத் தேடுவாள். கிடைத்ததும் "நல்லா ஓடுது மாமா" என்பாள், அப்புறம்தான் ஊசியை எடுப்பாள். அப்பா ஊசிக்குப் பயந்தவர், அவளிடம் மட்டும் வாயைத் திறக்காமல் கையை நீட்டுகிறார்.

இவள் இங்கே வந்து சேர்ந்த கதை உங்கள் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழுக்கு மலாய் மொழியோடு சரித்திரத்திலும் தேர்ச்சி கட்டாயம் என்று 2013இல் வந்தது, நாங்கள்தான் முதல் செட்டு. மற்ற பாடங்களில் கிரெடிட் இருந்தும் சரித்திரத்தில் விழுந்ததால் அவளுக்குச் சான்றிதழே இல்லை. பகலில் அம்மாவோடு செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கினாள், இரவில் படித்தாள், மறுபடி எழுதித் தேறினாள். அப்புறம் மூன்று வருட டிப்ளோமா, தாதியர் வாரியத் தேர்வு, அதற்கு மேல் சிறுநீரகப் பிரிவுக்கென்று தனிப் பயிற்சி. இத்தனைக்கும் அவள் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை.

புகுமுக வகுப்புக்குப் போன ஆறு பேரில் ஒருவன் ஏர்கோன் கோர்ஸ் முடித்து, மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கி, வயரிங் வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் சான்றும் எடுத்து, இன்று சொந்த வேனில் வருகிறான். அவனிடம் மூன்று பையன்கள் வேலை பார்க்கிறார்கள், அதில் இரண்டு பேர் புகுமுக வகுப்பு வழியாக வந்தவர்கள்தான். தெரிந்தேதான் எடுத்தேன் என்றான். அந்த 17 பேரில் இன்னும் இரண்டு பேர் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையில் டெக்னீஷியன்கள், ஒருவன் ஜொகூரில் தங்கி விடிவதற்கு முன்னாலேயே பாலம் கடந்து சிங்கப்பூர் போகிறான், ஒருத்தி பாலர் பள்ளி நடத்துகிறாள். எல்லாருக்கும் நன்றாக அமைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று அவர்கள் வீட்டுக்கே தெரியாது, அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

யு.பி.எஸ்.ஆர். 2021இல் ரத்தானது, அடுத்த வருடம் மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3யும் போனது. ஆனால் எஸ்.பி.எம். முடிவு வந்தால் இன்றும் பக்கம் பக்கமாக ஏ எடுத்தவர்கள் படம் வருகிறது. வரட்டும், அந்தப் பெருமை எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குப் படம் வராத பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் அதே பத்திரிகையைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அந்தப் பிள்ளை 25 வயதிலோ 30 வயதிலோ எழுந்து நிற்கும்போது அதைச் சொல்ல ஒரு பக்கம் வேண்டாமா? வாரத்தில் ஒரு நாள், ஒரு அரைப் பக்கம் கொடுங்கள். எங்கே தடுக்கி விழுந்தார்கள், எந்தக் கோர்ஸில் சேர்ந்தார்கள், செலவுக்கு என்ன செய்தார்கள் என்று விவரமாகப் போடுங்கள், இப்போது நான்காம் ஐந்தாம் படிவத்தில் மனம் உடைந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு வழி தெரியும்.

முதல் வாரத்துக்கு ஆள் தயார். போன வெள்ளிக்கிழமை என் தோழியிடம் கேட்டேன், முதலில் மறுத்தாள். அப்புறம், அம்மாவையும் பக்கத்தில் நிற்க வைத்து எடுப்பதாக இருந்தால் சரி என்றாள். நீங்கள் இடம் ஒதுக்கினால் படத்தை நானே எடுத்து அனுப்புகிறேன்.

நன்றி.

ஒரு வாசகி,
பாடாங் செராய், கெடா