அது கொழுந்துக் கறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தேயிலைத் தோட்டச் சிறுகதையை இரண்டு முறை படித்தேன். மூணாறுக்குப் பக்கத்தில் ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து, கல்யாணம் ஆகும்வரை அங்கேயே வளர்ந்தவள் நான். கதையின் முதல் பக்கம் முழுக்க ஒரு லயத்து வீட்டின் அலங்கோலம் வருகிறது. உள்ளே கொடியில் ஈரத்துணி, கரி பிடித்த சுவர், கட்டிலுக்கடியில் திணித்த டிரங்குப் பெட்டி, அழுக்கு நகங்களோடு சோறு பிசையும் ஒரு பெண். இதெல்லாம் எங்கள் வீட்டிலும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எழுத்தாளர் இவற்றை அடுக்கி வைத்திருக்கும் விதத்தில், எதிலும் அக்கறையில்லாத குடும்பம் இது என்று வாசகருக்குத் தோன்றிவிடுகிறது. அதைத் தாங்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் நகத்தில் இருந்திருக்கக்கூடியது கொழுந்துக் கறை. தேயிலைச் செடியின் இளந்தளிரான பச்சைக் கொழுந்தைக் கிள்ளும்போது சாறு விரலில் ஒட்டும். காற்றுப் பட்டால் கறுத்துவிடும். ஃபாக்டரியில் அரைத்த இலை நிறம் மாறுவதும் இப்படித்தான். என் அம்மா தினமும் சாயங்காலம் புளியையும் சாம்பலையும் வைத்துத் தேய்ப்பார். கொஞ்சம் வெளுக்கும், மறுநாள் கொழுந்து பறிக்க மலைக்குப் போய் வந்தால் பழையபடி ஆகிவிடும். கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் அம்மா விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வார். பக்கத்து இலைக்காரர் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் கையை விரிப்பார்.

ஈரத்துணிக்கும் காரணம் உண்டு. ஜூனில் பிடிக்கிற மழை செப்டம்பர் வரைக்கும் விடாது. வெளியே எங்கே காயப்போடுவது? அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயவைப்போம். பள்ளிக்கூடச் சட்டையில் புகை வாடை அடிக்கும். டிரங்குப் பெட்டிக்கு வருவோம். 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு கொடுக்க வேண்டியது தோட்ட நிர்வாகமாக இருந்தது. வேலை இருக்கும்வரைதான் அந்த வீடும். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் யார் அலமாரி அடிப்பார்கள்? நாற்பது வருடம் இருந்தாலும் பெட்டி கட்டிலுக்கடியில்தான்.

அழுக்கையே எழுதக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எப்படி எழுதலாம் என்பதற்குத் தமிழிலேயே பழைய வழி இருக்கிறது. சங்கப் பாட்டான சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு பாணர் வீட்டுச் சமையற்கட்டைக் காட்டுகிறார். அங்கே நாய் குட்டி போட்டிருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் மடியை இழுக்க, தாய் நாய் பொறுக்க முடியாமல் குரைக்கிறது. பழைய சுவரைக் கறையான் அரித்து, அந்தப் புழுதியில் காளான் பூத்திருக்கிறது. வீட்டுக்காரி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டு, கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறார்கள். 'அசுத்தம்' என்று புலவர் எங்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. நாய் குட்டி போடும் அளவுக்கு அந்த அடுப்பங்கரை ஓய்ந்து கிடக்கிறது என்பது நமக்கே புரிகிறது. அந்த அடைத்த கதவைப் படிக்கும்போதெல்லாம் அம்மாவின் மடக்கிய விரல்கள்தான் ஞாபகம் வருகின்றன.

நிஜமாகவே பொறுப்பில்லாதவர்களும் எங்கள் லயத்தில் இருந்தார்கள். என் பெரியப்பா அப்படித்தான். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளியே போடுவார், பீடித்துண்டை ஜன்னல் சட்டத்து இடுக்கில் செருகுவார். மழையில் வந்தால் சொட்டச் சொட்ட இருக்கும் குடையை அரிசிச் சாக்குக்கு மேலே உள்ள ஆணியில்தான் மாட்டுவார். பெரியம்மா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் சாக்கை நகர்த்திவைக்கப் பழகிக்கொண்டார். இடுப்பு வலியோடு அவர் அந்தச் சாக்கை இழுக்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பெரியப்பாவை எழுதுகிறவர் அந்தச் சத்தத்தையும் எழுத வேண்டும். போட்டது போட்டபடி போகிற ஒருவர் இருந்தால், பின்னாலேயே குனிந்து எடுக்கிற இன்னொருவரும் அதே வீட்டில் இருப்பார். தங்கள் இதழில் வந்த கதையில் குடித்துவிட்டு வந்து தட்டை வீசுகிற கணவனும், அதைக் கழுவி வைக்கிற மனைவியும் 'அலட்சியமான மனிதர்கள்' என்று ஒரே சொல்லில் அடைபட்டுவிட்டார்கள். அவள் கழுவுவதை எழுத்தாளர் பார்த்திருக்கிறார், எழுதியும் இருக்கிறார். பிறகு எப்படி அந்தச் சொல்லை அவளுக்கும் சேர்த்துப் போட்டார் என்பது எனக்கு விளங்கவில்லை.

கதையின் பிற்பகுதி, குறிப்பாக மகள் பேருந்துக்குக் காத்திருக்கும் இடம், மிக நன்றாக வந்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு தூரம் எழுதத் தோன்றியது. இந்தக் கதை பிறகு தொகுப்பில் சேருமானால், 'அழுக்கு நகங்கள்' என்ற இடத்தை மட்டுமாவது 'கொழுந்துக் கறை படிந்த நகங்கள்' என்று மாற்றித் தருமாறு எழுத்தாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தேவிகுளம்